நேத்து மருந்து

நாற்பத்தேழாம் நம்பர் டோக்கனை வேலுத்தாய் காலையிலிருந்து கைக்குள்ளேயே மடக்கி வைத்திருந்தாள். பதினொரு மணிக்கெல்லாம் வியர்வை பட்டு நம்பர் பாதி அழிந்துவிட்டது. உள்ளே அதுவரை இருபத்திரண்டு பேரைத்தான் கூப்பிட்டிருந்தார்கள்.

ஒன்றியக் கவுன்சிலர் தேர்தலுக்கு வேட்பாளர்களைத் தேர்ந்தெடுப்பதற்காக விருதுநகரில் அந்தக் கல்யாண மண்டபத்தைக் கட்சி இரண்டு நாள் எடுத்திருந்தது. முந்தின முகூர்த்தத்தின் வாழைமரங்கள் வாசலில் வாடித் தொங்கின. மாப்பிள்ளை அறையில் நேர்காணல். பெண் அறையில் பொறுப்பாளர்களுக்குச் சாப்பாடு. மனுப் போட்டவர்கள் ஒவ்வொருவரும் ஆளுக்கு இருபது முப்பது பேரைக் கூட்டி வந்திருந்தார்கள். வெளியே நின்ற கார்களுக்குத் தெரு போதவில்லை. வேலுத்தாய் கூட்டி வந்தது ஒரே ஒரு ஆளை. அது சின்னச்சாமி.

சின்னச்சாமி ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேன். அவர்கள் ஊரில் கட்சியின் கிளைச் செயலாளரும் அவர்தான். கரைவேட்டி கட்டினால் ஊரில் நாலு பேர் எழுந்து நிற்பார்கள். கொஞ்சம் பெருமைக்காரர்தான். ஆனால் அன்றைக்கு மண்டபத்தின் ஓரத்தில், சுவரை ஒட்டிப் போட்டிருந்த நாற்காலியில் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேலுத்தாய் எங்கே உட்கார்ந்தாலும் சுவரோரம்தான் உட்காருவாள். இடது பக்கம் சுவருக்கு, வலது பக்கம் உலகத்துக்கு. தலையில் போட்ட முந்தானையை இடது கன்னத்தின் மேல் இறக்கிவிட்டு ஓரத்தைப் பல்லால் கவ்விக்கொள்வாள். அந்தப் பக்கம் கன்னத்திலிருந்து கழுத்துவரை தோல் வெந்து இறுகிப்போயிருந்தது. காது பாதிதான் இருந்தது.

"அண்ணே, நீ எதுக்கு நிக்கேன்னு கேட்டா என்ன சொல்ல?"

"மனசுல உள்ளதைச் சொல்லு தாயி."

"மனசுல உள்ளதுன்னா…" அவள் மடியிலிருந்த பிளாஸ்டிக் பையைத் தடவினாள். "நம்ம ஒன்றியத்துல தீக்காயம் பட்டவுக எம்புட்டுப் பேருன்னு யாருக்காச்சும் தெரியுமாண்ணே? நான் ஒம்பது ஊருக்குத்தான் எழுதியிருக்கேன். அதுலயே அறுபத்திமூணு பேரு. நாங்கள்லாம் ஆபீஸ் வாசல்ல நின்னு மனுக் குடுக்கோம், வாங்கி வச்சிட்டுப் போகச் சொல்லுதாக. கவுன்சிலரா இருந்தா கூட்டத்துல எந்திரிச்சுக் கேக்கலாம்ல? தீர்மானம் போடுங்கன்னு சொல்லலாம்ல?"

"இதையே சொல்லு. இது போதும்."

"நீங்க கூட இருக்கீகள்ல, அதான் தெம்பு."

பையில் இருந்தது ஒரு நீள நோட்டு. பேர், ஊர், ஆலை, எந்த வருடம், எங்கே காயம் என்று கோடு போட்டு எழுதியிருந்தாள். பத்தொன்பது வருடமாகக் கட்சியில் மேடைக்குக் கீழே நடக்கிற வேலை எல்லாம் அவளுடையது. மாநாடு என்றால் நாற்பது பெண்களை லாரியில் ஏற்றிப் போய் எண்ணிக்கை குறையாமல் திருப்பிக் கொண்டுவருவாள். இந்த முறை பன்னிரண்டாவது வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கியதும், "நீ நில்லு" என்று தெருவே கிளம்பி வந்துவிட்டது. மனுக் கட்டணத்தையும் அவர்கள்தான் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கட்டினார்கள்.

முகம் கழுவப் போன இடத்தில் ஒன்றியச் செயலாளர் கனகசபாபதி சின்னச்சாமியின் தோளில் கை போட்டார். அவர் கை போட்டால் ஏதோ ஒன்று இருக்கிறது என்று அர்த்தம்.

"என்னலே சின்னச்சாமி, சாப்பிட்டியா? காலையில ஒங்க மொதலாளி போன் அடிச்சாரு. ஒன்னையப் பத்தித்தான் ரொம்ப விசாரிச்சாரு."

"என்னையவாண்ணே?"

"நல்ல மாதிரியாத்தான். சின்னச்சாமி வெவரமான ஆளு, பழசை எல்லாம் கிண்டமாட்டான்னு சொன்னாரு." தோளை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

சின்னச்சாமிக்குக் குழாயை மூட மறந்துபோயிற்று.

மூன்றரை மணிக்குக் கூப்பிட்டார்கள். மாப்பிள்ளை அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. மேஜைக்குப் பின்னால் மேலிடத்திலிருந்து வந்த பொறுப்பாளர் புகழேந்தி நடுவிலும் கனகசபாபதி பக்கத்திலும் இருந்தார்கள். அந்தந்த ஊர்க் கிளைச் செயலாளரும் உள்ளே வரவேண்டும் என்பது ஏற்பாடு. சின்னச்சாமி சுவரோர பெஞ்சில் உட்கார்ந்தார். வேலுத்தாய்க்கு நடுவில் நாற்காலி. அங்கே ஒட்டிக்கொள்ளச் சுவர் இல்லை.

ஆனாலும் நன்றாகப் பேசினாள். சின்னச்சாமியே எதிர்பார்க்கவில்லை. நோட்டைப் பிரித்து மூன்று பேருடைய கதையைச் சொன்னாள், நாலாவதைச் சொல்லப் போகும்போது புகழேந்தியே நோட்டைக் கையில் வாங்கிக்கொண்டார். பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"இவ்வளவும் நீங்களே எழுதினதாம்மா?"

"ஆமாய்யா. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போயி."

கனகசபாபதி தொண்டையைச் செருமினார். "பேச்சு எல்லாம் சரிதான். தேர்தல்னா போஸ்டர்ல மொகம் போடணும்ல. மொகத்தைப் பாத்துத்தான பொம்பளைக ஓட்டுப் போடுதாக."

அறையில் யாரும் அவளைப் பார்க்கவில்லை. அவள் முந்தானையை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டாள்.

"முகத்துக்கு என்னங்க?" என்றார் புகழேந்தி. "இந்தப் பக்கம் வீட்டுக்கு ஒரு பட்டாசுத் தொழிலாளி இருக்காங்க. இவங்க முகத்தைப் பார்த்தாலே நம்ம ஆளுன்னு தோணும். எனக்கு அது பிரச்சனையே இல்லை."

சின்னச்சாமிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கிடைத்துவிட்டது, கிடைத்தேவிட்டது என்று நினைத்தார். ஊருக்குப் போனதும் சரவெடி போட வேண்டும் என்றுகூட ஓடியது அவருக்கு.

"மொகத்தை விடுங்க. இதைப் பாருங்க." கனகசபாபதி ஃபைலிலிருந்து ஒரு ஜெராக்ஸை எடுத்து மேஜையில் வைத்தார். "பதினோரு வருசத்துக்கு முந்தின விபத்து ரிப்போர்ட்டு. வேலுத்தாய்ங்கிற தொழிலாளி மருந்துத் தட்டைத் தூக்காம தரையில இழுத்ததால உராஞ்சு தீப்பிடிச்சுச்சுன்னு எழுதியிருக்கு. கூட இருந்த மாரிக்கண்ணன்னு ஒரு பய செத்துப்போனான். எதிர்க்கட்சிக்காரன் இதை நோட்டீஸ் அடிச்சு வீட்டுக்கு வீடு போட்டா நாம என்ன பதில் சொல்ல? ஆளைக் கொன்னவளுக்கா சீட்டுன்னு கேப்பானா மாட்டானா?"

"நான் இழுக்கலைய்யா!" நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள் வேலுத்தாய். "ரெண்டு கையாலயும் தூக்கத்தான் செஞ்சேன். தூக்கையிலயே தட்டு சுட்டுச்சு. அது நேத்து மருந்துய்யா. மொத நாளு மிஞ்சுன மருந்து. அண்ணந்தான் எங்க போர்மேன், அங்கனதான் நின்னாக. அவுகளையே கேளுங்க."

எல்லோரும் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்கள்.

கலந்த மருந்தை அன்றன்றைக்கே முடித்துவிட வேண்டும். மிஞ்சினால் கொண்டுபோய் அழித்துவிட வேண்டும். இது பட்டாசு ஆலையில் நேற்று வேலைக்குச் சேர்ந்தவனுக்கும் தெரியும். ராத்திரி ஈரம் ஏறினால் மருந்து காலையில் தானாகச் சூடு பிடிக்கும். அந்த ஐப்பசியில் தீபாவளிக்கு ஒன்பது நாள் இருந்தது. லோடு ஏற்ற லாரி வாசலில் வந்து நின்றது. ஒன்றரைத் தட்டு பூச்சட்டி மருந்து மிஞ்சிக் கிடந்தது. "கொட்ட வேண்டாம். மூடி வைங்க. காலையில மொத வேலையா ஓட்டிருவோம்" என்று சொன்னது சின்னச்சாமி. யாரும் அவரைச் சொல்லச் சொல்லவில்லை. ஆர்டர் தவறினால் முதலாளி முகம் சுளிப்பாரே என்று அவராகச் சொன்னது. மறுநாள் அது தீப்பிடித்து, வேலுத்தாய் ஆஸ்பத்திரியில் வாழை இலையில் கிடந்தபோது, முதலாளி அறையில் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டதும் அவர்தான். தட்டை இழுத்தாள் என்று அதில் டைப் அடித்திருந்தது. படித்துப் பார்த்துத்தான் போட்டார்.

அந்தக் கையெழுத்து இப்போது மேஜை மேல் ஜெராக்ஸில் கிடந்தது. ‘சி’க்குச் சுழி போட்டு, கீழே இரண்டு புள்ளி வைத்து.

"சொல்லுங்க," என்றார் புகழேந்தி. "நீங்க இவங்க ஊர்க் கிளைச் செயலாளர். கூட இருந்து பார்த்த ஆள். நேத்து மருந்துதான்னு நீங்க சொன்னா நானே மேடையில ஏறிச் சொல்வேன். எழுதிக் கொடுத்தாப் போதும்."

கனகசபாபதி சீலிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னச்சாமி பெஞ்சிலிருந்து எழுந்தார்.

"ரிப்போர்ட்டுல அப்படித்தான்யா இருக்கு."

"ரிப்போர்ட்டுல இருக்கிறது எனக்கும் தெரியுதுங்க. நீங்க பார்த்தது என்ன?"

"நாளாச்சுய்யா…" தன் குரல் தனக்கே வேறு ஆளுடையது போலக் கேட்டது. "சரியா நெனவில்ல."

புகழேந்தி நோட்டை மூடி மேஜை மேல் வைத்தார். வேலுத்தாய் சின்னச்சாமியைப் பார்த்தபடியே நின்றாள். கோபமாகப் பார்க்கவில்லை. கணக்கு எங்கேயோ இடிக்கிறது என்று பார்க்கிற பார்வை அது. பிறகு நோட்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் கும்பிடு போட்டாள். அவருக்கும் சேர்த்து.

திரும்பும்போது டிவிஎஸ்ஸின் பின்னால் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து வந்தாள். விருதுநகரைத் தாண்டியாயிற்று. திட்டித் தொலைக்க மாட்டாளா என்று இருந்தது சின்னச்சாமிக்கு. மண்ணை வாரித் தூற்றினால்கூட வாங்கிக்கொண்டு போய்விடலாம்.

"அண்ணே, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கிட மாட்டீகளே?"

"கேளு தாயி."

"அது நேத்து மருந்துதான?"

ரோட்டில் முன்னும் பின்னும் ஆளில்லை. இரண்டு பக்கமும் கருவேலந்தான். யார் காதிலும் விழாது என்கிற இடத்தில் உண்மை எவ்வளவு லேசாக வந்துவிடுகிறது.

"ஆமா. நேத்து மருந்துதான்."

அவள் நெடுமூச்சு விட்டது அவர் முதுகில் பட்டது. "நல்லவேளைண்ணே. நீங்க நெனவில்லன்னதும் பயந்தே போனேன். பதினோரு வருசமா நீதான் இழுத்தே, நீதான் இழுத்தேன்னு சொல்லிச் சொல்லி, நெசமாவே இழுத்துத்தான் தொலைச்சேனோன்னு எனக்கே ஆயிப்போச்சு. மாரிக்கண்ணன் பொஞ்சாதி எதுக்க வந்தா வேற சந்துல பூந்திருவேன். தூக்குனமா இழுத்தமான்னு ராத்திரியெல்லாம் கையை இப்படி இப்படி வச்சுப் பாப்பேன்."

சின்னச்சாமிக்கு வண்டி ஆடியது. ஆமத்தூர் விலக்கில் ஓரம் கட்டி நிறுத்தினார். சாயங்காலம் வரைக்கும் புகழேந்தி மண்டபத்தில்தான் இருப்பார். திருப்பினால் அரை மணி நேரம். நாலு வரி எழுதிக் கொடுத்தால் போதும் என்று அவர் வாயாலேயே சொன்னார். எழுதிக் கொடுத்தால் நாளைக்குப் போர்மேன் வேலை இருக்காது. மாரிக்கண்ணன் சாவுக்கு யார் பதில் சொல்வது என்று பழைய கேஸ் எழுந்து உட்காரும். வண்டி நின்றபடியே உறுமிக்கொண்டிருந்தது.

"என்னண்ணே, பெட்ரோல் இல்லையா?"

"இருக்கு, இருக்கு," என்று ஊர்ப்பக்கம் திருப்பினார்.

வீட்டில் அவர் மனைவி பாண்டிச்செல்வி தட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அவளும் அதே ஆலையில் பெட்டி ஒட்டுகிறவள்தான்.

"வேலுத்தாய்க்குக் கெடைச்சிருமா?"

"கஷ்டந்தான்."

"ஏன், நீங்க ஒண்ணும் சொல்லலையா?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். இத்தனை வருடம் கூட வாழ்ந்தவளுக்கு அது போதும். எழுந்து அடுப்படிக்குப் போய் ஏற்கெனவே கழுவிய பாத்திரத்தை மறுபடியும் கழுவினாள்.

மூன்றாம் நாள் பட்டியல் வந்தது. பன்னிரண்டாவது வார்டு சொர்ணலட்சுமிக்கு. ஆலைகளுக்கு அட்டைப்பெட்டி சப்ளை செய்கிற மணிகண்டராஜின் மனைவி. அந்தம்மா கட்சிக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. கெட்ட மனுஷி இல்லை. மேடையில் மைக்கைப் பிடித்தால் கை நடுங்கும், அவ்வளவுதான்.

அன்றைக்கே கனகசபாபதி போன் செய்தார். "லே, நாளைக்குக் காலையில ஒங்க தெருவுலதான் மொத பிரச்சாரம். வேலுத்தாய் வந்தாத்தான் பொம்பளைக வருவாளுக. அவ இல்லேன்னா அந்தத் தெரு ஓட்டே போயிரும். நீ போயிக் கூப்பிட்டா வருவா. ஆமா, அந்த நோட்டையும் கொண்டாரச் சொல்லு. பொறுப்பாளரு கேட்டாரு."

எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது என்று சின்னச்சாமி தெருமுனையில் கொஞ்ச நேரம் நின்றார். கடைசியில் இருக்கிற முகத்தோடு போனார்.

வேலுத்தாய் வீட்டு வாசலில் வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றிக்கொண்டிருந்தாள். விபத்துக்குப் பிறகு எந்த ஆலையும் அவளை உள்ளே விடவில்லை. தட்டை இழுக்கிறவள் என்று பேர். அவரைக் கண்டதும் பசைக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"வாங்கண்ணே. உக்காருங்க. காப்பி போடவா?"

"வேண்டாம் தாயி." சொல்ல வந்ததை நிலத்தைப் பார்த்துச் சொல்லி முடித்தார்.

"வாரேண்ணே. நீங்க கூப்பிட்டு நான் வராம இருந்திருக்கேனா?" பரணிலிருந்து பிளாஸ்டிக் பையை எடுத்தாள். கொடுக்காமல் சற்று நேரம் கையிலேயே வைத்திருந்தாள். "அந்தம்மா செயிச்சாகன்னா இதைப் பாப்பாகளா?"

"பாப்பாக."

அன்றைக்கு மாப்பிள்ளை அறையில் அவ்வளவு தடுமாறிய நாக்கு, இதற்குத் தடுமாறவே இல்லை.

காலை ஒன்பது மணிக்குத் தெரு நிறைந்துவிட்டது. நாற்பது பெண்கள் கொடியோடு வரிசையில் நின்றார்கள். அவள் கூப்பிட்டதால் வந்தவர்கள். முனையிலிருந்து கோயில்வரை பத்தாயிரம் வாலா சரவெடியை விரித்திருந்தார்கள். அதைப் பற்றவைக்கக் கிளைச் செயலாளர் கையில் ஊதுபத்தியைக் கொடுத்துவிட்டார்கள். சொர்ணலட்சுமி ஜீப்பிலிருந்து இறங்கினாள். வேலுத்தாய் ஆரத்தி எடுத்தாள், இடது பக்கத்தை ஜனங்களுக்குக் காட்டாமல் திரும்பி நின்றபடி.

ஆரத்தி முடிந்ததும் வீடியோ எடுக்க வந்த ஆசிப் என்கிற பையன் குறுக்கே வந்தான். போனில் அனுப்புவதற்கு ஒரு நிமிட வீடியோ. என்ன எடுக்க வேண்டும் என்று பொறுப்பாளர் ஆபீசிலிருந்தே எழுதி வந்திருந்தது.

"வேட்பாளர் அக்கா, நீங்க நோட்டைக் கையில வச்சுக்கிடுங்க. ‘இந்த அறுபத்திமூணு பேருக்கும் நான் இருக்கேன்’, அதான் டயலாக்கு. இந்தக்கா கன்னத்தைத் தொட்டுச் சொல்லணும். நீங்க எதுக்க நில்லுங்கக்கா." வேலுத்தாயின் தோளைத் தொட்டு நிறுத்தினான். "இப்படி இல்ல. அந்தப் பக்கம் திரும்புங்க. முந்தானையை எடுத்துருங்க, காயம் நல்லாத் தெரியட்டும்."

வேலுத்தாய் உடனே எடுக்கவில்லை. கூட்டத்துக்குள் சின்னச்சாமியைத் தேடிப் பார்த்தாள். காலையில் தட்டை எடுப்பதற்கு முன்னால், எடுக்கலாமா என்று போர்மேனைப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. பழக்கதோஷத்தில் அவர் தலை ஆடிவிட்டது.

அவள் முந்தானையை எடுத்தாள். பதினோரு வருடத்தில் அவர் அதை வெயிலில் முழுசாகப் பார்த்ததில்லை. தெருவும் பார்த்ததில்லை. கொடி பிடித்திருந்த பெண்களில் ஒருத்தி தன் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சொர்ணலட்சுமி கையை நீட்டினாள். கை கன்னத்துக்கு ஒரு விரற்கடை தள்ளி நின்றது. கண்ணை மூடிக்கொண்டு டயலாக்கைச் சொல்லிவிட்டாள்.

"கை படலைக்கா," என்றான் ஆசிப் போனைப் பார்த்து. "இன்னொரு தடவை. நீங்க மறுபடியும் மூடிக்கிடுங்கக்கா. நான் கை காட்டும்போது எடுங்க."

"சீக்கிரம்ப்பா, நல்ல நேரம் போகுது," என்று ஜீப்பிலிருந்து கனகசபாபதி குரல் கொடுத்தார்.

ஊதுபத்தியின் சாம்பல் நீண்டு சின்னச்சாமியின் விரலில் விழுந்தது. அவர் உதறவில்லை. வேலுத்தாய் முந்தானையை இழுத்து இடது பக்கத்தை மூடிக்கொண்டு, ஓரத்தை இரண்டு விரலால் பிடித்தபடி, அந்தப் பையன் கை காட்டுவதற்காக வெயிலில் காத்து நின்றாள்.